டாஷ்போட்டில் எஞ்சிய பசை

வாப்பாவின் வேனை வாங்க ஒருவர் வந்தார். என்ஜினைத் திறந்து பார்த்தார், டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தார், ஊர் எல்லை வரை ஓட்டியும் பார்த்தார். எதிலும் குறை சொல்லவில்லை. இறங்கும்போது டாஷ்போட்டில் கையை ஊன்றினார். கை ஒட்டிக்கொண்டது. விரல்களை உரசிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு இப்பிடி இருந்தா எப்பிடி ஹாஜியார்? ஒரு எழுபத்தஞ்சு குறைச்சுக்கொள்ளுங்க" என்றார். எழுபத்தைந்து என்று அவர் சொன்னது எழுபத்தையாயிரம் ரூபாயை.

வாப்பா பதினாறு வருடங்கள் ஸ்கூல் வேன் ஓட்டியவர். இந்தக் கல்லூரியில் படிக்கும் தங்கைகள் சிலரும் அதில் வந்தவர்கள்தான். நீரிழிவு கண்ணைத் தொட்டு, அந்திப்பொழுதில் பாதை மங்கத் தொடங்கியதும், "மத்தவங்கட புள்ளைகள் அமானிதம். இந்தக் கண்ணோட ஏத்தக் கூடாது" என்று அவரே நிறுத்திவிட்டார். வேன் விற்ற காசில் கண்ணுக்குச் சிகிச்சை செய்வது, மீதியில் வீட்டு முன்னால் ஒரு சிறிய கடை போடுவது என்பது திட்டம். எழுபத்தையாயிரம் என்பது அந்தக் கடையின் தட்டுகளும் தராசும்.

வந்தவர் வெள்ளிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார். அன்று ஞாயிறு. நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன் என்பதால் பசையைப் போக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. படித்ததை வைத்து ஒரு வேலை செய்து காட்டு என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முதலில் பசை எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தேன். டாஷ்போட்டின் நடுவில் ஒரு பெரிய கறுத்த சதுரம். 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, வாப்பா அந்த அட்டையை லெமினேற் செய்து, தடித்த நுரை டபிள் டேப்பால் அங்கே ஒட்டினார். கிழமைக்கு 20 லீற்றருக்காக வரிசையில் நின்ற நாட்கள் அவை. 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டதும் அட்டையைப் பிடுங்கி எறிந்தார். அட்டை போனது, பசை நின்றது. அதற்குப் பக்கத்தில் ஓரம் சுருண்ட பயண துஆ ஸ்டிக்கர். முன்கண்ணாடியில் வருமான அனுமதிப்பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட தடம். பின்னால் றெக்சீன் சீற்றுகளிலும் கூரைத் துணியிலும் பிள்ளைகள் ஒட்டிய நட்சத்திரங்கள், கார்ட்டூன் முகங்கள். மீற்றரை மூடியிருக்கும் கண்ணாடியின் மூலையிலும் ஒரு சிறிய பசைப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ஸ்டிக்கரை இழுக்கும்போது இரண்டு பிடிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, பசைக்கும் அது ஒட்டியிருக்கும் பரப்புக்கும் இடையிலான பிடி. மற்றது, பசை தனக்குள் தானே சேர்ந்திருக்கும் பிடி. உள்பிடி பலமாக இருந்தால் பசை முழுவதும் ஸ்டிக்கரோடு சேர்ந்து வந்துவிடும். உள்பிடி தளர்ந்திருந்தால் பசை நடுவால் கிழியும். பாதி ஸ்டிக்கரில், பாதி டாஷ்போட்டில். நாம் சுரண்டுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

புதுப் பசை பெரும்பாலும் ஒழுங்காகக் கழன்று வரும், பழையது வராது. அதற்குக் காரணம் வெயில். கிழக்கில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தின் டாஷ்போட் 70 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும். அந்தச் சூட்டில் பசை இளகி, டாஷ்போட்டின் தோல் போன்ற நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கிவிடுகிறது. சூரிய ஒளியும் ஒட்சிசனும் சேர்ந்து பசையின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. சங்கிலிகள் அறுந்தால் பசை தேன்போல் பிசுபிசுக்கும். சங்கிலிகளுக்கிடையே புதிய குறுக்கிணைப்புகள் உண்டானால் காய்ந்து ஓடுபோல் இறுகும். எங்கள் வேனில் இரண்டுமே இருந்தன. கியூஆர் சதுரத்தின் ஓரம் ஓடாகவும் நடு பிசினாகவும் இருந்தது. சீற்றில் நிலைமை இன்னும் மோசம். றெக்சீன் மெதுவாக இருப்பதற்காக அதன் பீவீசீயில் எண்ணெய் போன்ற மென்மையாக்கி கலக்கப்படுகிறது. அது காலப்போக்கில் மெல்ல வெளியே கசிந்து மேலிருக்கும் பசைக்குள் புகுந்து அதைக் குழைத்துவிடும்.

ஒட்டிக் கழற்றும் டேப்பின் கதையே வாகனத்தில்தான் தொடங்கியது. 1920களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு நிறம் அடித்து, அதை மறைத்துவிட்டு மறு நிறம் அடிக்க வேண்டும். மறைக்க ஒட்டிய தாள்களை உரித்தபோது பெயின்றும் சேர்ந்து உரிந்தது. ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் 3எம் நிறுவனத்தின் மணற்தாளைப் பரிசோதிக்கக் கராஜுகளுக்குப் போனவர். பெயின்ரர்கள் படும் பாட்டை அங்கே கண்டு, 1925 இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். ஒட்ட வேண்டும், ஆனால் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதுதான் அவருக்கிருந்த சவால். ஸ்டான்டன் எவரி என்பவர் தாமே ஒட்டிக்கொள்ளும் லேபிளை 1935 இல் கொண்டுவந்தார். எங்கள் வேனின் பிள்ளைகள் ஒட்டிய நட்சத்திரங்களுக்கு அவர்தான் முன்னோடி என்று சொல்லலாம்.

இனிப் போக்கும் வழி. "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று எங்கள் இரசாயனவியல் ஆசிரியை பலகையில் எழுதும்போது நாங்கள் உப்பையும் நீரையும்தான் நினைப்போம். சாதாரண ஸ்டிக்கர் பசைகள் பலவற்றின் அடிப்படை றப்பர், அதோடு ஒட்டும் தன்மைக்காகச் சேர்த்த பிசின். இயற்கை றப்பர் என்பது பல்ஐசோபிரீன். 1876 இல் கியூ பூங்கா வழியாக ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவுக்கு வந்த கன்றுகளிலிருந்து நமது நாட்டில் பரவியதும் அதே றப்பர்தான். அதன் சங்கிலியில் காபனும் ஐதரசனும் மட்டுமே இருப்பதால் முனைவு கிடையாது. தண்ணீரை எவ்வளவு ஊற்றித் தேய்த்தாலும் அது அசையாததற்குக் காரணம் இதுதான். உம்மா ஏற்கெனவே இரண்டு முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தார். பசையில் தூசு சேர்ந்து இன்னும் கறுத்ததுதான் மிச்சம்.

தேங்காயெண்ணெய் அப்படியல்ல. அதன் மூலக்கூறுகளில் நீண்ட ஐதரோகாபன் வால்கள் இருக்கின்றன. அவை பசைக்குள் நுழைந்து சங்கிலிகளுக்கு நடுவே இடம்பிடித்துக்கொள்ளும். கரைந்து ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பசை ஊறி வீங்கி, பரப்பிலுள்ள பிடியை விடும். அதற்கு நேரம் வேண்டும். எண்ணெய் தடவிய உடனே தேய்ப்பவர்கள்தான் "எண்ணெய்க்குப் போகாது" என்கிறார்கள். நான் பஞ்சை எண்ணெயில் நனைத்து, பசையின்மேல் வைத்து, பொலித்தீன் துண்டால் மூடி, அரை மணி நேரம் விட்டேன். சீற்றிலிருந்த கார்ட்டூன் முகங்கள் அதற்குப் பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்புக்கே சுருண்டு வந்தன. அட்டைதான் வேண்டும். கத்தி, ஸ்குரூடிரைவர் எதுவும் கூடாது. பள்ளங்களுக்குள் இருப்பதற்கு மெல்லிய பல்துலக்கும் பிரஷ் போதும்.

எண்ணெயை அப்படியே விட்டால் மறுநாள் முழுத் தூசும் அங்கே குடியேறும். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளைத் தண்ணீரில் கலந்து, துணியைப் பிழிந்து துடைக்க வேண்டும். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயோடும் மறு முனை நீரோடும் கைகோப்பதால் எண்ணெய் துணியோடு வந்துவிடும். ஆக, உம்மா தேய்த்த சவர்க்காரம் பிழையானதல்ல. இரண்டாவதாக வர வேண்டியது முதலில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கியூஆர் சதுரம் மட்டும் எண்ணெய்க்கு மசியவில்லை. ஒரு மணி நேரம் மூடி வைத்தும் மேற்பரப்பு மட்டும் வழவழத்தது. அப்போதுதான் எல்லாப் பசையும் றப்பர் அல்ல என்பது நினைவுக்கு வந்தது. பாரம் தாங்கும் நுரை டேப்புகளில் அக்ரிலிக் வகைப் பசை அதிகம். அதன் சங்கிலியில் எசுத்தர்க் கூட்டங்கள் இருப்பதால் ஓரளவு முனைவு உண்டு. அதற்கு அற்ககோல் பொருத்தமானது. காயம் துடைக்க வீட்டில் இருந்த ஸ்பிரிற்றைப் பஞ்சில் எடுத்தேன். ஸ்பிரிற் விரைவில் ஆவியாகிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டியிருந்தது. முதலில் உம்மாவின் தையல் நூலை நுரையின் அடியில் ரம்பம்போல் இழுத்து நுரையை வெட்டி எடுத்தேன். பிறகு ஸ்பிரிற் பட்ட பசை சிறு உருண்டைகளாகத் திரண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை ளுஹருக்குப் பிறகு தொடங்கி அஸர் பாங்கு சொல்லும்போதுதான் முடிந்தது. என் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. கையுறை போட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஸ்பிரிற்றைத் தொடுவதற்கு முன் நான் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாஷ்போட்டின் அடியில், யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் ஒரு துளி வைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் நிறம் ஏறவில்லை. அந்த இடம் மங்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. இந்தப் பத்து நிமிடத்தின் பெறுமதி எனக்குத் தெரிந்தது முந்திய நாள் இரவு நடந்ததால்.

திங்கட்கிழமை இரவு, நான் பாடத்தில் இருந்த நேரம், காக்கா எனக்கு உதவுவதாக நினைத்து வேனுக்குள் ஏறியிருக்கிறார். கேற்றுக்குப் பெயின்ற் அடித்து மீந்த தின்னர் போத்தல் வீட்டில் இருந்தது. "தங்கச்சி எண்ணெய் பூசிக்கொண்டு இரிக்கா, இது ஒரு நிமிசத்தில போயிரும்" என்று மீற்றர் கண்ணாடியிலிருந்த அந்தச் சிறிய புள்ளியில் தின்னரைத் தேய்த்தார். உண்மையில் ஒரு நிமிடத்திலேயே போனது. பசையோடு கண்ணாடியின் தெளிவும் போனது. ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடம் பால்போல் வெளுத்து, அதற்குள் நூல்போன்ற வெடிப்புகள் தெரிந்தன.

நாம் அதை மீற்றர் கண்ணாடி என்கிறோம், ஆனால் அது கண்ணாடியே அல்ல. தெளிந்த பிளாஸ்டிக். தின்னரில் தொலுயீன், அசற்றோன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். பசையின் சங்கிலிகளுக்குள் நுழைவதைப்போலவே அவை பிளாஸ்டிக்கின் சங்கிலிகளுக்குள்ளும் நுழையும். பிளாஸ்டிக்கும் ஒரு பல்பகுதியம்தானே. ஆசிரியை எழுதிய அந்த வாக்கியம் எது பசை, எது மீற்றர் என்று பார்ப்பதில்லை. அசற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கியும் இதையேதான் செய்யும். எனவே எதைக் கொண்டு போக்கலாம் என்று யோசிப்பதற்கு முன் பசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பசையை நாளைக்கும் எடுக்கலாம், பதினைந்தாம் நாளும் எடுக்கலாம். உருகிய பரப்பு திரும்பாது. பற்பசையால் தேய்த்தால் தெளியும் என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு மணி நேரம் தேய்த்தோம். மேலாலிருந்த கீறல்கள் கொஞ்சம் குறைந்தன. வெடிப்பு உள்ளே இறங்கியிருந்ததால் வெண்மை அப்படியே நின்றது.

வாப்பா வந்து பார்த்தார். கண் மங்கியவருக்கும் அது தெரிந்தது. காக்காவை ஏசவில்லை. "வேகம் காட்டுற இடத்தையே மறைச்சிட்டீங்களே மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏசியிருந்தால் காக்காவுக்கு இலேசாக இருந்திருக்கும். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மண்ணெண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த வீட்டார் எல்லோரும் முதலில் சொன்னது அதைத்தான். அது ஐதரோகாபன் கலவை. றப்பர்ப் பசையை எண்ணெயைவிட விரைவாக இளக்கும். ஆனால் வேன் ஒரு மூடிய பெட்டி. ஆவி உள்ளேயே தங்கித் தலையைச் சுற்ற வைக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, மணமும் பல நாள் போகாது. பெற்றோலை நினைத்தும் பார்க்கக் கூடாது. அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பற்றும். ஸ்பிரிற்றும் தீப்பற்றக்கூடியதுதான் என்பதால் நான் வேனின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துத்தான் வேலை செய்தேன்.

முன்கண்ணாடி எல்லாவற்றிலும் இலேசானது. அது உண்மையான கண்ணாடி, இந்தக் கரைப்பான்கள் எதுவும் அதை ஒன்றும் செய்யா. சவர்க்கார நீர் தெளித்து, புதிய பிளேட்டைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் அனுமதிப்பத்திரத் தடம் நாடாவாக உரிந்து வரும். பக்கக் கண்ணாடிகளில் இதைச் செய்ய முடியாது. உட்புறம் ஒட்டிய கறுப்புப் படலத்தைப் பிளேட் கிழித்துவிடும். பின்கண்ணாடியில் சூடேற்றும் மெல்லிய கோடுகள் இருந்தால் அங்கும் பிளேட் ஆகாது. சீற் பெல்ற்றில் எந்தக் கரைப்பானும் படக் கூடாது. உயிரைத் தாங்கும் நார் அது.

கூரைத் துணியிலிருந்த நட்சத்திரங்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். கூரைத் துணி மெல்லிய நுரையோடு சேர்ந்து, நுரை மேலே பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. எண்ணெயோ ஸ்பிரிற்றோ ஊறினால் அந்தப் பசையும் இளகி, துணி பந்தல்போல் தொங்கிவிடும். மற்ற நட்சத்திரங்களைச் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கடைசியது வரவில்லை. வற்புறுத்தவும் இல்லை.

துஆ ஸ்டிக்கரை வாப்பா தாமே எடுக்க விரும்பினார். அதைச் சுரண்ட அவருக்கு மனமில்லை. எனக்கும் இல்லை. உம்மா ஹெயார் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்ட, பசை இளக இளக வாப்பா ஓரத்தைப் பிடித்துத் தாழ்வாக, மிக மெதுவாக இழுத்தார். மெதுவாக இழுப்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பசை பாதி திரவம், பாதி திண்மம். வெடுக்கென்று இழுத்தால் திண்மம்போல் முறுக்கிக்கொள்ளும், பழைய தாளோ கிழிந்து போகும். அவகாசம் கொடுத்தால் திரவம்போல் நகரும். ஸ்டிக்கர் ஓர் எழுத்தும் கிழியாமல் முழுதாக வந்தது. வாப்பா அதை ஒரு தாளில் வைத்து, வீட்டில் ஓத முடியாதபடி பழுதாகிப்போன குர்ஆன் பிரதிகளோடு சேர்த்து வைத்தார், மரியாதையாக அடக்குவதற்கு.

எல்லாம் முடிந்தபின் டாஷ்போட்டில் ஒரு சதுரம் இன்னும் தெரிந்தது. பசை என்று நினைத்து மறுபடியும் துடைத்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அட்டை வெயிலை மறைத்த அந்த இடம் மட்டும் வேனின் பழைய கரும்சாம்பல் நிறத்திலேயே இருந்தது. வெளுத்திருந்தது மற்ற இடம் முழுவதும். அதைப் போக்க ஒரு கரைப்பானும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வந்தார். டாஷ்போட்டில் கையை வைத்துத் தடவினார், எதுவும் சொல்லவில்லை. பிறகு மீற்றரைக் காட்டி, "இது அண்டைக்கு இல்லையே?" என்றார். வாப்பா மறைக்கவில்லை. "புள்ளைகள் துப்புரவு செய்யப் போய் நடந்தது" என்றார். மீற்றர் மூடி மாற்றும் செலவென்று இருபதாயிரம் குறைத்துப் பேச்சு முடிந்தது. கடைக்குத் தட்டுகள் வாங்கலாம். தராசை மாமா ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வேன் ஒழுங்கையால் திரும்பும்வரை காக்கா கேற்றடியில் நின்றார். பிறகு உள்ளே வந்து, தின்னர் போத்தலை எடுத்து, "பிளாஸ்டிக்கில் பூச வேண்டாம்" என்று கொப்பித் தாளில் எழுதி, அதில் ஒட்டினார். ஒட்டியது செலோடேப்பால்.